பாட்டி பிறந்த ஊர் எது? போலந்துக்கு வேர் தேடிப் போகிறவர்களின் முதல் கேள்வி!

'எ ரியல் பெய்ன்' படம் பார்த்துவிட்டீர்களா? 2024-ல் வந்தது. அமெரிக்காவில் வளர்ந்த பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர், இறந்துபோன பாட்டி வாழ்ந்த வீட்டைப் பார்க்க போலந்துக்குப் போவார்கள். வாசலில் போய் நின்றதும் என்ன செய்வதென்றே தெரியாது. கல்லறையில் சிறு கல் வைப்பது யூதர்களின் வழக்கம். அதுபோல வாசற்படியில் ஆளுக்கொரு கல் வைப்பார்கள். உடனே பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். 'இங்கே ஒரு வயசான அம்மா இருக்காங்க, தடுக்கி விழுந்துடப்போறாங்க!' இருவரும் கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

படத்தை எழுதி, இயக்கி, நடித்த ஜெஸ்ஸி ஐசன்பெர்க்கின் குடும்பம் போருக்கு முன்பு நிஜமாகவே வாழ்ந்த வீடு அது. கிராஸ்னிஸ்தாவ் என்கிற சின்ன நகரத்தில் இருக்கிறது.

படம் முடிந்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பல் ஏறியவர்களின் வீட்டைப் பேரப்பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் கடைசி வேலை. பயணம் ஆரம்பிப்பது வீட்டில் இருக்கும் வயதானவரிடம்தான்.

மேப்பில் இல்லாத நாடு

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து முதல் உலகப்போர் வரை, லட்சக்கணக்கான போலந்துக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். 'ரொட்டிக்காகப் போனவர்கள்' என்றே அவர்களைச் சொல்வார்கள். சிகாகோ, டெட்ராய்ட், பஃபலோ என்று தொழிற்சாலைகள் இருந்த ஊர்களில் குடியேறினார்கள்.

அவர்கள் கிளம்பிய காலத்தில் போலந்து என்ற நாடே மேப்பில் கிடையாது. 1772, 1793, 1795 என மூன்று தவணையாக ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918-ல்தான் போலந்து மறுபடி பிறந்தது. நடுவில் 123 வருடங்கள்!

அதனால் சிகாகோவில் இருக்கும் ஒரு பேத்தி, கொள்ளுத்தாத்தாவின் பழைய பேப்பரை எடுத்தால், சொந்த நாடு 'ஆஸ்திரியா' என்றோ 'ரஷ்யா' என்றோ இருக்கும். 'நாம போலந்துக்காரங்கன்னுதானே சொன்னாங்க?' என்று குழம்பிவிடுவாள். பதிவேட்டின் மொழியும் அப்படித்தான். ரஷ்யா ஆண்ட பகுதியில் 1868-க்குப் பிறகு ரஷ்ய மொழி, ஆஸ்திரியா ஆண்ட கலீசியா பகுதியில் பெரும்பாலும் லத்தீன், பிரஷ்யா பக்கம் ஜெர்மன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு போலந்தின் எல்லைகள் அப்படியே மேற்கு நோக்கி நகர்ந்தன. அன்றைய போலந்து நகரமான லிவிவ் இன்று உக்ரைனில், வில்னியஸ் லிதுவேனியாவில். டிக்கெட் போடுவதற்கு முன், ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

எந்தப் புதூர்?

சரி, ஊர்ப் பெயர் 'நோவா வியெஷ்' என்று தெரிந்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. அதற்குப் போலிஷ் மொழியில் 'புது ஊர்' என்று அர்த்தம். நம்மூர் புதூர் மாதிரி அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஒரு நோவா வியெஷ்! பக்கத்து டவுன் எது, எந்தப் பங்குக்கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது என்ற விவரமும் கிடைத்தால்தான் சரியான ஊருக்குப் போக முடியும்.

அந்த விவரம் பெரும்பாலும் போலந்தில் கிடைப்பதில்லை, அமெரிக்காவில்தான் கிடைக்கிறது. 1906-க்குப் பிறகான குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊர் இருக்கும். கப்பல் பயணிகள் பட்டியலில் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயர் இருக்கலாம். போலந்துக்காரர்கள் அமெரிக்காவில் கட்டிய தேவாலயங்களின் திருமணப் பதிவேடுகளையும் பார்ப்பார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், வீட்டு அலமாரி. போட்டோவின் பின்பக்கம், ஜெபப்புத்தகத்தின் முதல் பக்கம், பழைய கடிதத்தின் உறை.

எல்லாவற்றுக்கும் முன்னால், பாட்டி. போலந்தில் பாட்டியை 'பாப்ச்சா' என்பார்கள். சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் பல வீடுகளில் அது 'பூஷா'. 'உங்க அம்மா எந்த ஊர்ப் பேரைச் சொல்வாங்க பூஷா?' என்று கேட்டு, அவர் சொல்வதை அதே உச்சரிப்பில் போனில் ரெக்கார்ட் செய்துகொள்ள வேண்டும். உச்சரிப்பு ஏன் முக்கியம்? ஆங்கிலத்தில் 'லோட்ஸ்' என்று படிக்கிற நகரத்துக்கு உள்ளூரில் 'வூச்' என்று பெயர்! எழுத்தை மட்டும் வைத்துத் தேடினால் காது கேட்ட ஊர் சிக்காது.

கோவால்ஸ்கியும் கோவால்ஸ்காவும்

குடும்பப் பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அப்பா கோவால்ஸ்கி என்றால் மகள் கோவால்ஸ்கா. அமெரிக்காவில் எல்லோரும் கோவால்ஸ்கி ஆகிவிட்டார்கள். கொள்ளுப்பாட்டியைத் தேடும்போது 'ஸ்கா' போட்டும் தேட வேண்டும்.

'எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்' என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். ஆனால், அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல் கம்பெனி தயாரித்த பட்டியல். அதை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெரும்பாலும் பெயரைச் சுருக்கியது குடியேறியவர்களேதான், வேலைக்காக, அக்கம்பக்கத்தார் வாயில் நுழைவதற்காக. அதனால் கப்பல் பட்டியலில் பழைய பெயரே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊரும் பெயரும் கிடைத்தால், மீதியை மொபைலிலேயே ஆரம்பிக்கலாம். போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் தேடல் தளம் இலவசம். போலந்து வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் உருவாக்கிய 'கெனெடேகா' தளமும் இலவசம். பிறப்புப் பதிவு 100 வருடங்கள், திருமணம், இறப்புப் பதிவுகள் 80 வருடங்கள் ஆனால்தான் பதிவு அலுவலகத்திலிருந்து காப்பகத்துக்குப் போகும். அதற்குப் பிந்தையவை வேண்டுமென்றால் உறவுமுறையைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

கல்லறை காத்திருக்காது

நேரில் போகிறவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி கல்லறைத் தோட்டத்தில்தான். போலந்தில் கல்லறை இடத்துக்குக் கட்டணம் 20 வருடங்களுக்கானது. யாரும் புதுப்பிக்கவில்லை என்றால், அந்த இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்யலாம். நூறு வருடங்களுக்கு முன் கப்பல் ஏறிய குடும்பத்தின் கல்லறைக்கு யார் பணம் கட்டியிருப்பார்கள்?

ஆனாலும், தேதி உங்கள் கையில் இருந்தால் நவம்பர் 1-ஐ ஒட்டிப் போகலாம். அனைத்துப் புனிதர் திருநாளான அன்று நாடே கல்லறைத் தோட்டங்களில் இருக்கும். கண்ணாடி விளக்குகளில் மெழுகுவத்தி ஏற்றி, பூ வைப்பார்கள். அதே குடும்பப் பெயருள்ள கல்லறை முன்னால் யாராவது நின்றுகொண்டிருந்தால், அவர்கள் தூரத்துச் சொந்தமாகக்கூட இருக்கலாம்.

வீடு இல்லையென்றால் சானோக் நகரத்துத் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பழைய மர வீடுகள், தேவாலயங்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். க்டினியா துறைமுகத்தில், பயணிகள் கப்பல் ஏறிய பழைய கட்டடமே 2015 முதல் புலம்பெயர்ந்தோர் அருங்காட்சியகமாக இருக்கிறது.

யூதக் குடும்பங்களின் தேடல் இன்னும் கனமானது. போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். கேட்பதற்கு ஊரில் சொந்தமே மிஞ்சவில்லை. அவர்களுக்கு வார்சாவில் இருக்கும் யூத வரலாற்று நிறுவனத்தின் வம்சாவளிப் பிரிவு உதவுகிறது.

கதவைத் தட்டும் முன்

பாட்டியின் வீட்டில் இன்று வேறு யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள். கேமராவோடு வந்து நிற்கும் வெளிநாட்டுக்காரரைப் பார்த்தால், 'வீட்டைத் திருப்பிக் கேட்க வந்துட்டாங்களோ' என்ற பயம் வருவது இயல்புதானே? எதற்காக வந்திருக்கிறோம் என்று போலிஷில் நாலு வரி எழுதிவைத்து, பழைய போட்டோவோடு முதலில் காட்டுவது நல்லது. பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டால், ஊர்ப் பெரியவர் யாரையாவது அவரே அறிமுகம் செய்துவைக்கக்கூடும்.

அந்தப் படத்தின் கடைசியில், போலந்திலிருந்து எடுத்துவந்த கல்லை டேவிட் தன் வீட்டு வாசலில் வைப்பான். அவன் பாட்டியிடம் கேட்க நினைத்ததையெல்லாம் இனி கேட்க முடியாது. போலந்துப் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம். பூஷாவுக்கு வயது தொண்ணூறு என்றால், அவருக்குப் போடவேண்டிய போனை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட வேண்டும்.