இரண்டு படிக்கற்கள்

பாமன்கடையிலிருந்து நாள்தோறும் கோட்டைக்குப் பேருந்தேறிச் செல்லும் இளம் உத்தியோகத்தன் ஒருவன் உளன். முதலீட்டு விண்ணப்பங்களை ஆராய்ந்து தலைவரிடம் சமர்ப்பிப்பது அவன் தொழில். முன்பின் அறியாத வணிகரின் விண்ணப்பம் வருமாயின், மூன்றாண்டுக் கணக்கு, ஈடு, பிணை, சந்தை நிலைமை எனத் தலைவரின் வினாக்கள் நீளும். அவருடைய நண்பரின் விண்ணப்பம் வந்தாலோ, "அவரை எனக்குத் தெரியும்" என்னும் ஒரு வாக்கியம் அத்தனைக்கும் விடையாகிவிடும்.

அத்தலைவரைக் கள்வர் எனல் எளிது, உண்மை அதுவன்று. பழக்கத்தையே சான்றென அவர் மயங்குகிறார். நல்லவர் நடத்தும் தொழிலும் நட்டமடையக்கூடும். காலி வீதி அடகுக் கடைக்காரர், தெரிந்தவரின் சங்கிலியையும் உரைகல்லில் உரைத்தே பணங் கொடுக்கிறார். அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

உறவைப் பேணுதல் நம்மவர் போற்றும் பண்பு. வள்ளுவரும் சுற்றந்தழாலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயின், தெரிந்துதெளிதலும் தெரிந்துவினையாடலும் 51ஆம், 52ஆம் அதிகாரங்களாக முன்னிற்க, சுற்றந்தழால் 53ஆவதாகவே வருகின்றது. ஆராய்ச்சி முந்தியது, உறவு பிந்தியது.

இவ்வரிசை மாறினால் விளைவது யாது என்பதை இலங்கை கண்டது. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி முப்பதாண்டுத் திறைசேரி முறிகளை ஏலத்தில் விட்டது. 100 கோடி ரூபாவுக்கே விலைமனு கோரப்பட்டது. ஏற்கப்பட்டதோ 1,000 கோடிக்கு மேல். கூடுதலாக ஏற்குந்தோறும் குறைந்த விலை கேட்டவர்க்கும் இடங் கிடைக்கும். விலை குறைய வட்டி வீதம் உயரும். அவ்வட்டியை முப்பதாண்டுகள் இறுப்பது பொதுமக்களின் திறைசேரி. அன்று பெரும் பங்கைப் பெற்ற பேர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனம், அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடையது. நீதியரசர் கே. ரி. சித்ரசிறி தலைமையிலான ஆணைக்குழு 2017இல் இதனை விசாரித்து, அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் திகதி அறிக்கை கையளித்தது. அரச நிறுவனங்கள் அடைந்த நட்டம் 850 கோடி ரூபாவுக்கு மேல் எனச் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2018 சனவரியில் நாட்டுக்கு அறிவித்தார். அந்நட்டத்திற் பங்குகொண்டவற்றுள் ஊழியர் சேமலாப நிதியமும் ஒன்று.

அந்நிதியம் யாருடையது? அவ்விளைஞனின் தாயார் வெள்ளவத்தைப் புடைவைக் கடையொன்றில் நெடுங்காலம் நின்று உழைத்தவர். அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கப்பட்டது. முதலாளி 12 சேர்த்தார். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய பணத்தை முதலிடும் பொறுப்பை மத்திய வங்கியின் நாணயச் சபையிடம் ஒப்படைத்தது. முறியென்றால் யாதென அத்தாய் அறியார். முதுமையில் கைக்கு வரவேண்டிய தொகையை மட்டும் அறிவார். இரண்டு படிக்கற்கள் வைத்திருப்பவரின் தராசில் உண்மையில் நிறுக்கப்படுவது, அவ்வறையில் இல்லாத இத்தகையோரின் உழைப்பே.

இதற்கு மாற்றுக் கடினமானதன்று. விண்ணப்பகாரர் எவராயினும் வினாக்கள் ஒன்றாகவே எழுத்தில் இருத்தல் வேண்டும். உறவோ நட்போ உடையவர் அதனை முன்னரே கூறி, முடிவெடுக்கும் மேசையிலிருந்து எழுந்துவிடுதல் வேண்டும். கடினமானது, தலைவரிடம் இதனை முதலிற் சொல்வதே. பதவியுயர்வு அவர் கையில். வீட்டு வாடகை மாதந்தோறும் வாசலில்.

ஒரு திங்கட்கிழமை தலைவருடைய நண்பரின் கோவை அவ்விளைஞனிடம் வந்தது. மற்றையோரிடம் கேட்ட அதே வினாக்களை, ஒன்றும் விடாது, அவன் அதன் முதற்பக்கத்தில் எழுதினான். கீழே கையொப்பமிட்டுத் தலைவரின் மேசைக்கு அனுப்பினான். மாலை வரை அவன் அழைக்கப்படவில்லை. கோவையும் திரும்பி வரவில்லை. பாமன்கடைச் சந்தியில் இறங்கியவன், தாயாருக்கு வழமைபோல் வெற்றிலை வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தான்.