மூவர் அமர்ந்த முன்னிருக்கை

அம்பாசடர் காரை வைத்திருந்தவர்கள் அதனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்துவதில்லை. வேகம் குறைவு; எரிபொருட் செலவோ மிகுதி. ஆயினும், பின்னாளில் வாங்கிய விலையுயர்ந்த வண்டிகளைப் பற்றி அவர்கள் இத்துணைப் பரிவோடு பேசக் கேட்டதில்லை.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957ஆம் ஆண்டு தொடங்கிய அதன் உற்பத்தி 2014இல் நின்றது. நான் ஓட்டப் பழகியது எங்கள் பங்கின் பழைய அம்பாசடரில். திருப்பங்களில் தோள்வலிமை வேண்டும். மேட்டில் ஏறுகையில் எஞ்சினின் குரல் மாறுவதைச் செவியால் அறிந்தே கியரை மாற்றுவோம். அந்த உழைப்பே எனக்கு இன்பமாயிருந்தது.

அன்றைய அம்பாசடரில் கியர்த்தண்டு தரையில் இல்லை. ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்தது. ஆகவே முன்னிருக்கை இடைவெளியின்றி நீண்டிருந்தது. ஓட்டுநரோடு இருவர் தாராளமாக அமரலாம், குழந்தைகளுக்கோ கணக்கில்லை! முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குவதை, அருகருகே அமர்ந்து சாலையை நோக்கியிருக்கையில் மனிதர் சொல்லிவிடுகின்றனர். இக்காரின் பெருமை எனக்கு இதுவே.

ஒருமுறை மருத்துவமனையிலிருந்து முதியவர் ஒருவரையும் அவர் மகனையும் அழைத்து வந்தேன். பாகப்பிரிவினைக்குப்பின் பல்லாண்டுகளாகப் பேச்சற்றுப்போன தம்பியைப் பற்றிப் பெரியவர் தாமாகவே சொல்லத் தொடங்கினார். நடுவிலிருந்த மகன் ஒன்றும் பேசவில்லை. சாலை பிரியும் இடம் வந்தது. "வண்டியைத் தம்பி ஊருக்குத் திருப்புங்க, சாமி" என்றார். அன்று நாங்கள் வீடு சேர நள்ளிரவாயிற்று.