அக்கா போனுக்கு ஏம்மா பூட்டில்ல?

போன வருடம் அரையாண்டுத் தேர்வு நேரம். ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஹாலில் வெளிச்சம் தெரிந்தது. பதினொரு வயது மகன் போர்வைக்குள் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்குப் பூட்டிக்கொள்ளும்படி நான் அமைத்திருந்த போன் அது. நான் தூங்கியபின் என் போனை எடுத்து, நான் பேட்டர்ன் போடுவதைப் பார்த்து வைத்திருந்தபடியே திறந்து, அன்றைய பூட்டைத் தானே நீக்கியிருக்கிறான். அம்மா கொடுத்த அனுமதியாகவே அது பதிவாகியிருந்தது.

கை ஓங்கிவிட்டேன். அவன் அழுதபடி கேட்டான்: “அக்கா போனுக்கு மட்டும் ஏம்மா பூட்டில்ல?”

“அது வேற போன்டா. என்னால பூட்ட முடியாது” என்றேன். சொன்ன மாத்திரத்திலேயே அந்தப் பதில் எவ்வளவு அநியாயமானது என்று எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் நானும் மகனும் ஆண்ட்ராய்டு. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் கணவர் ஐபோன் வைத்திருக்கிறார். அவருடைய பழைய ஐபோன் பத்தாவது படிக்கும் மகளிடம் இருக்கிறது. மகனுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டிருந்தேன். எந்தச் செயலியை அவன் இறக்கக் கேட்டாலும் என்னிடம் வரும். எவ்வளவு நேரம் பார்த்தான் என்பதும் தெரியும். மகளின் போனுக்கு இருப்பது ஆப்பிளின் ஸ்கிரீன் டைம். அதைத் தூரத்திலிருந்து நடத்த இன்னொரு ஆப்பிள் கருவி வேண்டும். என் ஆண்ட்ராய்டில் வழியில்லை. ஆகவே அவள் பொறுப்பு முழுவதும் ஷார்ஜாவுக்குப் போயிற்று.

இரவு ஒன்பதரைக்கு அவள் கூடுதல் நேரம் கேட்டால், அங்கே மணி எட்டு. வேலை முடிந்து அறைக்கு வந்தவரின் போனில் மகளின் கோரிக்கை தெரியும். பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம், நாள் முழுவதும் என்று மூன்று வழிகள். பக்கத்தில் இல்லாத அப்பாவுக்குப் பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல மனம் வருமா? ஒரு மணி நேரம் கொடுத்துவிடுவார். அவள் தூங்கப் பதினொன்றரை ஆகும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. ஒரு போனைப் பூட்டிவிட்டதே போதும், என் கடமை தீர்ந்தது என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

மறுநாள் கணவரை வீடியோ காலில் வைத்துக்கொண்டு நால்வரும் பேசினோம். முதலில் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு போன்களை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்கு என்ன விதி என்று ஒரு தாளில் எழுதினோம். ஒன்பதரைக்கு மேல் யாருக்கும் போன் இல்லை. கூடுதல் நேரம் வேண்டுமென்றால் என்னிடம் நேரில் வந்து, எதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடத்தை எட்டரைக்குள் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்பதரை மணி விதி எனக்கும் பொருந்தும் என்று மகள் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் செட்டிங்ஸ் பக்கம் போனோம். ஃபேமிலி லிங்க்கின் பெற்றோர் செயலி ஐபோனிலும் ஓடும் என்பதால், கணவரையும் மகனின் கணக்கில் பெற்றோராகச் சேர்த்தேன். ஸ்கிரீன் டைமின் நான்கு இலக்கக் கடவுக்குறியை அவர் எனக்குச் சொன்னார். மகள் நேரம் கேட்டால் அவள் போனிலேயே அதை நான் போட்டு அனுமதிக்கலாம். நேர வரம்பு முடிந்ததும் செயலி உண்மையாகவே நிற்க, தடுக்கும் வசதியையும் போட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளையே வரம்பைத் தாண்டிவிட முடியும். அப்பாவுக்குக் கோரிக்கை போனால், “அம்மாகிட்ட சொன்னியாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது முடிவெடுக்கிறார். என் போனின் பேட்டர்னை எடுத்துவிட்டு, பிள்ளைகள் பார்க்காத இடத்தில் புதிய எண் பூட்டு வைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மீறல் நின்றுவிடவில்லை. போன மாதம்கூட மகள் ஒரு நாள் பள்ளித் தோழியின் போனில் படம் பார்த்திருக்கிறாள். ஆனால் அதை அவளே வந்து சொன்னாள். எந்தச் செயலியும் எனக்கு அதைக் காட்டியிருக்காது.

வெவ்வேறு போன்கள் இருக்கும் வீடுகளில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: செயலியை இறக்கும் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து விதியைப் பேசுங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும், அக்காவுக்கும் தம்பிக்கும் அது ஒன்றாக இருக்கட்டும். வயதுக்கேற்ப வித்தியாசம் வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் பெற்றோரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த கம்பெனி போன் என்பதைப் பொறுத்துப் பிள்ளைக்கு நியாயம் மாறக் கூடாது.