சிம்மக்கல் – போடி பாஸஞ்சர்

மதுரைக்குப் போனால் மீனாட்சியைத் தரிசித்து, ஜிகர்தண்டா குடித்துவிட்டு, நாலு சுங்குடிப் புடவையுடன் ஊர் திரும்பிவிடுகிறீர்கள் அல்லவா? அடுத்த தடவை கோயிலுக்கு வடக்கே கொஞ்சம் நடந்து பாருங்கள், சிம்மக்கல் வரும். கல்லில் செய்த சிங்கம் ஒன்று அங்கே இருப்பதால் அந்தப் பெயர். இன்னும் சற்று நடந்தால் யானைக்கல். அங்கே கல் யானை. அப்புறம் ஏ. வி. பாலம், வைகை. ஆற்றில் தண்ணீர் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். நான் மதுரை மாப்பிள்ளை. மாமனார் ஊரை விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது.

மாமனார் வீடு சிம்மக்கல்லில், பழைய சொக்கநாதர் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில். அவர் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரை – போடி பாஸஞ்சரில் பச்சைக் கொடி காட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர்.

இனி என் ரகசியம். கல்யாணத்துக்கு முன்பே என் பீரோவில் ஒரு பெட்டி இருந்தது. அதில் ஒரு ஹார்ன்பி என்ஜின், மூன்று பெட்டிகள், வளைந்த தண்டவாளத் துண்டுகள். முப்பது வயது தாண்டியவன் பொம்மை ரயில் விடுகிறான் என்று தெரிந்தால் மனைவி என்ன நினைப்பாளோ என்று மூன்று மாதம் மறைத்து வைத்தேன். கடைசியில் அகப்பட்டுக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. என்ஜினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது என்ன கேஜ்?" என்றாள்.

கார்டு மகள் அல்லவா! தையல் டேப்பைக் கொண்டுவந்தாள். தண்டவாளத்தின் அகலம் பெட்டியில் அச்சிட்டிருந்தபடி 16.5 மில்லிமீட்டர். ரயிலோ அசலில் 76-ல் ஒரு பங்கு. பெருக்கினாள், 1,254 வந்தது. நம் அகல ரயில் பாதைக்கு 1,676 வேண்டும். மீட்டர் கேஜுக்கு 1,000. இங்கிலீஷ்காரர்களின் சொந்தப் பாதைக்கே 1,435. "இரண்டுங்கெட்டானா வாங்கியிருக்கீங்களே!" என்றாள். அன்று முதல் அந்த ரயில் என்னுடையது மட்டும் அல்ல.

போன நவராத்திரிக்குச் சிம்மக்கல்லில்தான் கொலு. விளாச்சேரிப் பொம்மைகள் படியில் ஏறின. கூடத்துத் தரையில் 'பார்க்'. கடுகு தூவிப் பயிர் வளர்ப்பது, கண்ணாடியைக் குளமாக்குவது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதில் என் ரயில் வட்டமாகச் சுற்றி வரவேண்டும் என்றேன். மிகச் சிறிய வளைவுத் துண்டுக்கே 371 மில்லிமீட்டர் ஆரம். வட்டம் முடிய இரண்டரை அடி அகலம் வேண்டும். இடம் இருந்தது. ஆனால் அவள் மாட்டேன் என்றாள்.

"போடி லைன் எங்கே வட்டம் போட்டுச்சு? போகும், வரும். நேராத்தான் போடணும்."

நான் விடவில்லை. வால்ட் டிஸ்னியைச் சாட்சிக்கு இழுத்தேன். அமெரிக்காவில் தம் வீட்டுத் தோட்டத்தில் அவர் 1950-ல் அரை மைல் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டு, ஆள் உட்கார்ந்து போகும் குட்டி ரயில் ஓட்டினார். மனைவி லிலியனின் பூச்செடிகள் குறுக்கே இருந்தன. அவற்றைத் தொடாமல் அடியில் 90 அடிச் சுரங்கம் வெட்டினார். ரயில் போக அனுமதி தருவதாக வேடிக்கையாக ஒரு ஒப்பந்தம் எழுதி, மனைவியிடம் கையெழுத்தும் வாங்கினார். என்ஜினுக்குப் பெயர் 'லில்லி பெல்', மனைவியின் பெயர்தான்!

"பேர் வெச்சாரு, சரி. ஓட்டக் கொடுத்தாரா?" என்றாள் என் மனைவி.

அதோடு பேச்சு நின்றது. ஒன்றரை நாள். காப்பி மட்டும் வந்தது.

அப்புறம் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தும்போது அவளே சொன்னாள். போடி லைனில் 1928-ல் ரயில் வந்தது; உலக யுத்தத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள்; 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்படுத்துவதற்காக மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அந்த வருஷம்தான் மாமனாரும் ஓய்வு பெற்றார். தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் புது ரயில் வந்துவிட்டது. "அப்பா இன்னும் அதில் ஏறலைங்க. 'நம்ம வண்டி இல்லை'ன்னுட்டார்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! நான் போய் வட்டத்தைப் பிரித்தேன்.

நேர்த் தண்டவாளம் வாங்கி வந்து, கூடத்தின் இந்தக் கோடி மதுரை, அந்தக் கோடி போடி என்று வைத்தோம். நடுவே உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அட்டை மலை, தேனி. அசல் பாதை 90 கிலோ மீட்டர். 76-ல் ஒரு பங்கு என்றாலும் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் வரும். சரியான அளவில் போட்டால், எங்கள் கூடத்தில் புறப்படும் வண்டி யானைக்கல்லும் வைகையும் தாண்டிக் கோரிப்பாளையத்தில் போய் நிற்கும்!

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மாப்பிள்ளை, டோக்கன் எங்கே?" என்றார்.

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாதே, அதற்கு ஏற்பாடு. 'நீல்' பந்து டோக்கன் கருவி என்று ஒன்று. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் அங்கிருந்து சம்மதம் தந்தால்தான் இங்கே கருவியிலிருந்து இரும்புப் பந்து வெளியே வரும். அதைப் பிரம்பு வளையம் வைத்த பையில் போட்டு டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார்.

பந்துக்கு ஒரு கோலிக்குண்டு கிடைத்தது. மதுரையில் நான், திருகும் பெட்டியுடன். போடியில் அவள், பூஜை மணியுடன். மணி அடித்தால்தான் மாமனார் மடியிலிருந்து குண்டு என் கைக்கு வரும். வட்டத்தில் விட்டிருந்தால் நான் ஒருவனே சாவகாசமாக ஓட்டியிருப்பேன். இதில் அது நடக்காது. ஆறாம் நாள் வேறொரு விஷயத்தில் (புடவை விஷயம், விட்டுவிடுங்கள்) மறுபடி மனஸ்தாபம். சுண்டலுக்கு வந்த பெண்கள், "ரயில் ஏன் நிற்குது?" என்று கேட்டார்கள். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "போடியில் இன்னும் மணி அடிக்கலைம்மா" என்றார். இருபது நிமிஷம் லேட். அப்புறம் மணி கேட்டது.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றினோம். என்ஜின், பெட்டிகள், தண்டவாளம் எல்லாம் என் பெட்டிக்குள் போயின. கோலிக்குண்டை மட்டும் காணோம். சென்னை வந்து ஒரு வாரம் கழித்து அவளுடைய கைப்பையில் பார்த்தேன். கேட்டதற்கு, "அது போடி ஸ்டேஷன் சொத்து" என்கிறாள்.