அண்ணாச்சி வீட்டுப் பயறு

பூச்சிமருந்து அடித்த பயற்றங்காயை, மருந்தே காணாத பயறு என்று சொல்லி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். தெரியாமல் செய்ததில்லை. முறத்தில் அடுக்கி, வாசலில் நின்று, சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வாங்கிய வீடுகளில் ஒன்றில் இன்னும் பள்ளிக்கூடம் போகாத பெண் குழந்தை உண்டு.

இதன் கனம் திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். இங்கே காய் வாங்கப் போனால் முதல் கேள்வி, நாட்டுக் காயா, பாண்டிக் காயா என்பதுதான். சாலைக் கம்போளத்தில் வந்து இறங்கும் கத்தரியும் தக்காளியும் வெண்டையும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வரும் நம் பக்கத்துச் சரக்கு, அதாவது பாண்டிக் காய். அவற்றில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று 2015இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கிளப்பிய விவகாரம் இரண்டு மாநிலங்களுக்கிடையே பெரிய வாக்குவாதமானது. அதற்கு முந்தைய வருஷம்தான் மஞ்சு வாரியர் மாடியில் காய்கறி போடும் ‘ஹவ் ஓல்ட் ஆர் யூ’ வந்திருந்தது. தமிழில் ஜோதிகா நடித்து ‘36 வயதினிலே’ என்று பார்த்தோமே, அதே கதை. அரசு வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் விதைப் பொட்டலம் கிடைத்தது, க்ரோ பேக் கிடைத்தது. தெருவில் பாதிப் பேர் மாடியில் காய்கறி போட்டார்கள்.

இதே ஊரில் நேமத்தில் இருக்கும் நானும் போட்டேன். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெரியப்பா மகன், என் அண்ணன், தமிழ்நாட்டில் பாவூர்ச்சத்திரம் பக்கம் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர். ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் கேட்க அவரிடம் சொன்னேன்: “நீங்க அடிக்கிற மருந்துக்குப் பயந்து எங்க ஊர்ல ஒருத்தரும் காய் வாங்க மாட்டேங்காங்க.” அவர் கோபப்படவில்லை. “ஏலே, நீயும் நாலு செடி வச்சுப் பாரு. பொறவு வந்து பேசு” என்றார். வைத்துக் காட்டுகிறேன் என்ற வீம்போடுதான் வீட்டுக்கு வந்தேன்.

தொடக்கத்தில் தோற்றதெல்லாம் எல்லாருக்கும் நேர்வதுதான். இங்கத்தி மண் துருக்கல் மண், புளிப்பு மண். சுண்ணாம்பு போட்டு ஆறவிடாமல் நட்டால் செடி ஏறாது. தக்காளி காலையில் பச்சையாக நிற்கும், உச்சிவெயிலில் தலை தொங்கும், இரண்டொரு நாளில் மொத்தமாகச் சாயும். தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து பால் இழைபோல் இறங்கும். அது பாக்டீரியா வாடல். அதைத் தாங்கக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் ‘சக்தி’, ‘அனகா’ என்று ரகங்களே கொடுத்திருக்கிறது. நான் விசாரிக்காமல் கிடைத்த நாற்றை நட்டேன். சிவப்புக் கீரையில் மழைக்காலத்தில் புள்ளி விழுந்தது. பச்சைக் கீரையைக் கலந்து விதைத்தால் நோய் குறையும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். இதிலெல்லாம் எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் பயற்றில்தான். வெள்ளாயணி வேளாண் கல்லூரி வெளியிட்ட ‘ஜோதிகா’ ரகம். வெளிர்பச்சை நிறம், முழங்கையைத் தாண்டும் நீளம், ஒடித்தால் டக்கென்று ஒலி. கயிறு கட்டி ஏற்றிவிட்டேன். பந்தல் நிறையத் தொங்கியது. பார்த்தவர்கள் படம் எடுத்தார்கள். எங்கள் தெருவில் ‘அண்ணாச்சி வீட்டுப் பயறு’ என்றே பெயராகிவிட்டது. கொடுக்கும்போதெல்லாம் “ஒரு துளி மருந்து கிடையாது” என்று நானாகவே சொல்வேன். அந்தப் பருவத்தில் அது உண்மை.

அடுத்த பருவத்தில் அசுவினி வந்தது. முதலில் கொழுந்தில் நாலைந்து கறுப்புப் புள்ளி. பின் கொழுந்தே கறுப்பு. பிஞ்சுக் காயின் காம்பிலிருந்து நுனிவரை இடைவெளி இல்லாமல் அப்பிக்கொண்டது. மேலும் கீழும் எறும்பு வரிசை. தொட்டால் விரலில் பிசுபிசுப்பு. இலை உள்ளே சுருண்டது. வேப்பெண்ணெய், பூண்டு, சோப்புக் கரைசல் அடித்தேன். சாயங்காலம் அடித்ததை இரவு மழை கழுவியது. புகையிலைக் கஷாயம் வைத்தேன். கொஞ்சம் குறைந்து திரும்ப ஏறியது. பாதித்த கொழுந்தைக் கிள்ளி எறிந்து, எறும்பை விரட்டி, பொறுமையாக மறுபடி மறுபடி அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பந்தலைப் பிரித்துவிட்டு வேறு செடி வைத்திருக்க வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்: “பயறு ஆயில்லே அண்ணாச்சி?”

கடைக்குப் போய் ஊடுருவிப் பாயும் வகைப் பூச்சிக்கொல்லி ஒன்று வாங்கினேன். டப்பாவில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. சிவப்புக்கு அடுத்தபடி நச்சு என்று பொருள். இருட்டிய பிறகு, மாடி விளக்கைப் போடாமல் அடித்தேன். விளக்கைப் போடாதது ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். மறுநாள் காலையில் அசுவினி காய்ந்து உதிர்ந்தது, எறும்பு இல்லை. அன்று நான் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைப்பதற்கில்லை.

இந்த வகை மருந்து இலைமேல் நிற்பதில்லை. செடியின் சாற்றில் கலந்து காய்வரை போகிறது. அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று கூடவே வரும் தாளில் அச்சடித்திருக்கிறது. பயறோ ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டிய காய். விட்டால் உள்ளே விதை புடைத்து, தோல் பஞ்சாகி, கொடி பூப்பதையும் நிறுத்திவிடும். காத்திருக்க நேர்ந்தால் அந்தப் பறிப்புகளைக் குப்பையில் போட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. பறித்தேன். எங்கள் வீட்டு அடுப்புக்கு அதை எடுக்கவில்லை. கொடுக்காமல் இருந்தால் கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும் என்று பயந்து, வழக்கம்போல் வீடுவீடாகக் கொடுத்தேன். அதன் பிறகும் அடித்தேன், அதன் பிறகும் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுச் சேச்சி கடைக் காயை அப்படியே சமைக்க மாட்டார். புளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவார். எங்கள் வீட்டுப் பயற்றை மட்டும் குழாயில் ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துக்கொள்வார். அவர் திண்ணையில் உட்கார்ந்து பயறு ஒடிக்கும்போது பேத்தி மடியில் சாய்ந்து, பச்சையாகவே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வதை மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பத்துப் படி இறங்கினால் போதும். இறங்கவில்லை. பந்தலைப் பிரித்து எறிந்தது அதற்குப் பிறகுதான். கேட்டவர்களிடம் “மழையில் போய்விட்டது” என்றேன். அது இரண்டாவது பொய்.

அண்ணனை நினைத்துக்கொள்கிறேன். ஒரு பருவம் போனால் அவருக்கு வட்டி நிற்கிறது, பிள்ளைகளின் ஃபீஸ் நிற்கிறது. சொத்தை விழுந்த கத்தரியைச் சந்தையில் கழித்துத் தள்ளுகிறார்கள். அவர் மருந்தடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் பகலில் அடிக்கிறார், யாரிடமும் அடிக்கவில்லை என்று சொன்னதில்லை. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. பயறு முழுக்கப் பட்டுப்போயிருந்தாலும் தெருவில் கிடைத்த பாராட்டு ஒன்றைத் தவிர எதையும் இழந்திருக்க மாட்டேன். அந்தப் பாராட்டுக்காகச் செய்தேன்.

இதை எழுதி வெளியிடும் முன் சேச்சியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “மோள் பச்சைக்குத் தின்ன பயறும் அதாணோ?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். குழந்தை நலமாக இருக்கிறாள். ஆனால் அதற்கு நான் காரணமில்லை. சேச்சி இப்போது என்னிடம் எதுவும் வாங்குவதில்லை. அது சரிதான்.

மாடியில் இப்போது கோவைக்காய், தவசிக்கீரை, கீழே சேம்பு, முருங்கை. பெரிய கவனிப்புக் கேட்காத செடிகள். அண்ணனிடம் இன்னும் பேசவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, முன்பு போலவே பத்துப் பேர் கேட்க இதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுத் தோட்டத்துக் காயைப் பிறருக்குக் கொடுக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். மருந்து அடித்திருந்தால் என்ன மருந்து, என்று அடித்தீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் அந்தக் காயை எருக்குழியில் போட்டுவிடுங்கள்.