காவலுக்கும் ஒரு காவல்

சித்தூரில் குடியேறி வாழும் எங்கள் இல்லத்தில், மூத்த தமக்கையாருக்குச் சில ஆண்டுகளாக முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கிக் கோலமிடவும் இயலாது போயிற்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குவதால் வரும் நோய் இது என்றார் மருத்துவர். தமக்கையாரோ, திருப்பதிக்கு நேர்ந்துகொண்ட முடிகாணிக்கையைச் செலுத்தாத குற்றமே இது என்று நம்பி, மருந்தைக் கைவிட்டார். மறுத்துரைக்கும் வகை எங்களுக்குத் தெரியவில்லை.

2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசுச் செய்தி அவ்வகையைக் காட்டிற்று. பிறந்த சில நாளில் தைமஸ் சுரப்பி நீக்கப்பெற்ற எலிகளின் உடல் தன்னையே தாக்குவதை ஆராய்ந்த ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, மற்ற டி உயிரணுக்களை அடக்கியாளும் ஒரு தனி இனத்தை 1995-இல் கண்டறிந்தார். அமெரிக்கரான மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், நோயுற்ற ஒருவகை எலிகளில் பழுதுபட்டிருந்த பாக்ஸ்பி3 என்னும் மரபணுவை 2001-இல் கண்டனர். அவ்வுயிரணு இனத்தின் வளர்ச்சியை ஆள்வது அம்மரபணுவே என்பது 2003-இல் தெளிவாயிற்று. காவலுக்கும் ஒரு காவல் உண்டு. அது தளர்ந்தால் உடலே உடலுக்குப் பகையாகும். இவ்வணுக்களையே மருந்தாக்கும் சோதனைகள் இப்போது நடைபெறுகின்றன.

இதனை மாலைதோறும் சிறிது சிறிதாக எடுத்துரைத்தோம். "அப்படியாயின் சாமிக்கு என்மேல் கோபமில்லையே?" என்று வினவினார் தமக்கையார். இல்லை என்றோம். மறுநாளே மாத்திரையைக் கையில் எடுத்தார். பின்னர்த் திருமலைக்குச் சென்று முடிகாணிக்கையும் செலுத்தினார். அச்சத்தால் அன்று, அன்பால்.