பூட்டு ஊரும் நெஞ்செரிச்சலும்

திண்டுக்கல் என்றாலே பூட்டும் பிரியாணியும்தான். பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ராத்திரி நெஞ்செரிச்சலைப் புரிந்துகொள்ள இந்த ரெண்டும் போதும் மக்களே!

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. அதுதான் பூட்டு. நெய் மிதக்கும் பிரியாணி செரிக்க நேரமாகும், பூட்டும் தளரும். உடனே படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும்.

ரெட்டியார்சத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் சோடா. ஏப்பத்தோடு அமிலமும் மேலே வரும், அவ்வளவுதான்!

பி.காம் படிக்கிறவன் என்பதால் செலவில்லாத வழிகளை மட்டும் சொல்கிறேன். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் கீழே, பூட்டு மேலே. தேரையரின் நோயணுகா விதியும் இடப்பக்கம்தான் படுக்கச் சொல்கிறது.

வாரம் இரண்டு முறைக்கு மேல் எரிந்தால் டாக்டரைப் பாருங்கள். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் 'கேஸ்தான்' என்று சோடா தேடாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108!